கருவியை மாற்றுவதா, நாதத்தை மாற்றுவதா?
மின்கித்தார் வரலாறு கற்பிக்கும் பாடம்

“ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்” என்பது நம் முன்னோர் மொழி. தம் திறமைக் குறைவைக் கருவியின்மேல் ஏற்றிச் சொல்வோரை எள்ளி நகையாடப் பிறந்தது அது. ஆயினும், கூடம் உண்மையிலேயே கோணலாக இருப்பதும் உலகில் உண்டு. அந்நிலையில் செய்யத்தக்கது யாது? கூடத்தை இடித்துத் தள்ளிவிட்டு வேறொன்று கட்டுவதா? கோணல் எந்த மூலையில் உள்ளது என்று கண்டு அம்மூலையை மட்டும் செப்பனிடுவதா? இவ்வினாவிற்கு விடை தேடுவோர்க்கு மின்கித்தாரின் வரலாறு நல்லதோர் ஆசானாக விளங்குகிறது.

மின்கித்தார் நம் மரபிசைக் கருவி அன்று. எனினும், நம் இல்லத் திருமணங்களிலும் கலைநிகழ்ச்சிகளிலும் அதன் ஒலி கேட்டுப் பல்லாண்டுகள் ஆகிவிட்டன. நாதம் நன்றாக இல்லை, வேறு கித்தார் வாங்கித் தாருங்கள் என்று பிள்ளை கேட்பதும், மாதச் சம்பளத்தில் எதைக் குறைத்து இதற்கு ஒதுக்குவது என்று தந்தை திகைப்பதும் நாம் காணாத காட்சிகள் அல்ல. ஆதலின், இக்கருவியின் கதையை மாணவரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் பயனுடைத்து.

மின்கித்தார் பிறந்த வகை

அமெரிக்காவில் 1920களில் பெரும் இசைக்குழுக்கள் தோன்றின. ஊதுகொம்புகளும் முரசங்களும் முழங்கும் அவற்றினிடையே மரக்கித்தாரின் மெல்லொலி எவர் செவியையும் எட்டவில்லை. இக்குறையை நீக்க முயன்றவர்களுள் ஜார்ஜ் போசாம்ப் என்பவர் குறிப்பிடத்தக்கவர். அவர் 1931-இல் உருவாக்கிய கருவி அலுமினியத்தால் ஆனது; வட்ட உடலும் நீண்ட கழுத்துமாகத் தோன்றியமையால் ‘வறைச்சட்டி’ என்றே பெயர் பெற்றது. அடோல்ப் ரிக்கன்பேக்கருடன் இணைந்து அதனை அவர் 1932-இல் விற்பனைக்குக் கொணர்ந்தார். அதற்கான காப்புரிமை 1937-இல் கிடைத்தது.

அக்கருவியின் உயிர்நிலை பிக்கப் எனப்படும் சிறு பகுதியாகும். காந்தமும், அதனைச் சூழ்ந்து மெல்லிய செப்புக் கம்பி பல்லாயிரம் முறை சுற்றப்பட்ட சுருளுமே பிக்கப். எஃகுக் கம்பி காந்தத்தின்மேல் அதிரும்போது சுருளில் மிகச் சிறிய மின்னோட்டம் தோன்றுகிறது. அது கருவியிலுள்ள குமிழ்களைக் கடந்து, இணைப்புக் கம்பி வழியே ஒலிபெருக்கியைச் சென்றடைந்து, பேரொலியாகிறது.

ஈண்டு ஓர் உண்மையை நாம் மனத்திற் பதித்தல் வேண்டும். மின்கித்தாரின் நாதம் ஒரு பொருளில் பிறப்பதன்று. ஒரு சங்கிலியிற் பிறப்பது. விரல், கம்பி, மரம், பிக்கப், குமிழ், ஒலிபெருக்கி என்னும் ஆறு கண்ணிகளுள் எது மாறினும் நாதம் மாறும். இதனை முதலில் உணர்ந்தோரே பின்னாளில் புதிய நாதங்களைப் படைத்தனர்.

லெஸ் பால் என்னும் இசைவாணர் ஏறத்தாழ 1940-ஆம் ஆண்டளவில் நான்கு அங்குலப் பக்கமுள்ள பைன் மரக் கட்டையொன்றில் கித்தார்க் கழுத்தையும் பிக்கப்பையும் பொருத்தினார். கட்டை திண்மையாக இருந்தமையால் மீட்டிய ஒலி நீண்டு நின்றது. வானொலி பழுதுபார்ப்பவராக இருந்த லியோ ஃபெண்டரோ, 1950-இல் திண்மரக் கித்தாரை ஆலையிற் செய்து பெருவாரியாக விற்கத் தொடங்கினார். கழுத்தையும் உடலையும் பசையால் ஒட்டாமல் நான்கு திருகாணிகளால் அவர் இணைத்தார். வேலை எளிதாக வேண்டும் என்பதே அவர் நோக்கம். ஆனால், அத்திருகாணிகளே பின்வந்தோர் கருவியைப் பிரிக்கவும் சேர்க்கவும் வாயில் திறந்துவிட்டன. ஒரு வானொலிக்காரர் கித்தாரை வானொலிப் பெட்டியைப் போலப் பிரித்து மாட்டத்தக்க பொருளாக்கிய இச்செயலை வரலாற்றின் ஒரு திருப்பம் எனலாம்.

வாங்க இயலாத காலம்

இரண்டாம் உலகப்போருக்குப் பின் பிரிட்டன் பொருளாதார நெருக்கடியில் உழன்றது. அமெரிக்க இசைக்கருவிகளை இறக்குமதி செய்வதற்கு 1951 முதல் 1959 வரை அங்குத் தடை இருந்தது. அத்தடை நீங்கிய 1959-ஆம் ஆண்டில்தான் பாடகர் கிளிஃப் ரிச்சர்ட், தம் குழுவின் ஹேங்க் மார்வினுக்காக அமெரிக்காவிலிருந்து சிவப்பு நிற ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஒன்றை வரவழைத்தார். அக்குழுவே ‘ஷேடோஸ்’. அவர்கள் 1961 நவம்பரில் சிங்கப்பூருக்கு வந்து நிகழ்ச்சி நடத்தியது நம் வட்டாரத்து இளைஞரிடையே பெருங்கிளர்ச்சியை விளைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கித்தார்க் குழுக்கள் பெருகின. ‘கும்புலான் கித்தார் ரன்சாக்’ என்னும் மலாய்த் தொடர் சுருங்கிக் ‘குகிரான்’ என்றொரு சொல்லே மலாய்மொழியில் பிறந்துவிட்டது.

தடை நீங்கினும் விலை நீங்கவில்லை. லண்டன் புறநகரில் வாழ்ந்த பிரையன் மே என்னும் பள்ளி மாணவர்க்கு ஸ்ட்ராட்டோகாஸ்டர் எட்டாக் கனியாக இருந்தது. 1963-இல் அவரும் மின்னியல் அறிந்த அவர்தம் தந்தையாரும் தாமே ஒரு கித்தார் செய்ய முனைந்தனர். நூறாண்டு பழைமையான கணப்படுப்புச் சட்டத்தின் மரம் அதன் கழுத்தாயிற்று. பழைய மோட்டார்சைக்கிளின் விற்சுருள்கள் சுருதியை ஏற்றி இறக்கும் பொறிக்குப் பயன்பட்டன. சட்டைக்குரிய முத்துச்சிப்பிப் பொத்தான்கள் கழுத்திற் புள்ளிகளாயின. பணி முடிய ஏறத்தாழ ஈராண்டுகள் சென்றன. அக்கருவியையே அவர் ‘குவீன்’ குழுவின் இசைத்தட்டுகளில் வாசித்தார். 2002-இல் பக்கிங்ஹாம் அரண்மனையின் கூரைமீது நின்றும் அதனையே மீட்டினார்.

இக்கதையைக் கேட்போர் பலர் ஒரு செய்தியை மறந்துவிடுவர். பிரையன் மே முதலில் பிக்கப்புகளையும் தாமே சுற்றினார். கம்பியைப் பக்கவாட்டில் வளைக்கும்போது அவை வேண்டாத ஓசையை எழுப்பின. உடனே அவர் தம் முயற்சியே உயர்ந்தது எனப் பிடிவாதம் கொள்ளவில்லை. பர்ன்ஸ் நிறுவனத்தின் பிக்கப்புகள் மூன்றை விலைக்கு வாங்கிப் பொருத்தினார். ஒவ்வொன்றிற்கும் இரண்டு பொத்தான்கள் வீதம் ஆறு பொத்தான்களை அமைத்து, அவற்றைப் பலவாறு இணைத்துப் பல நாதங்களைப் பெற்றார். செய்யத்தக்கதைச் செய்தலும், வாங்கத்தக்கதை வாங்குதலும் ஒருங்கே அமைந்தமையே அவர் வெற்றியின் மறைபொருள்.

பழுதும் பயன்பட்டது

சில நாதங்கள் திட்டமிட்டுப் பிறந்தவை அல்ல. 1951-இல் மெம்பிஸ் நகரில் ‘ராக்கெட் 88’ என்னும் பாடல் பதிவாயிற்று. கித்தார்க் கலைஞர் வில்லி கிசார்ட்டின் ஒலிபெருக்கி வழியில் பழுதுற்றது. கிழிந்த கூம்பினுள் தாளைத் திணித்து ஒருவாறு ஒலிக்கச் செய்தனர். கரகரத்து எழுந்த அவ்வொலி கேட்போரைக் கவர்ந்தது. 1958-இல் லிங்க் ரே என்பவர் பென்சிலால் ஒலிபெருக்கியைத் துளைத்தார். 1964-இல் லண்டனில் ‘கிங்க்ஸ்’ குழுவின் டேவ் டேவிஸ் சவர அலகால் கூம்பைக் கீறினார். முன்னவர்க்குத் தற்செயலாய் வாய்த்ததைப் பின்னவர் இருவரும் வேண்டுமென்றே செய்தனர்.

பர்மிங்ஹாம் நகரத் தொழிலாளி டோனி அயோமியின் வரலாறு நெஞ்சை உருக்குவது. 1965-இல், தம் 17-ஆம் வயதில், உலோகத் தகட்டு ஆலையில் நேர்ந்த விபத்தில் வலக்கையின் இரு விரல் நுனிகளை அவர் இழந்தார். இடக்கையால் மீட்டும் பழக்கமுடைய அவர்க்குக் கம்பியை அழுத்தும் கை அதுவே. அவர் நெகிழிப் புட்டியை உருக்கி விரலுறை செய்துகொண்டார். தடித்த கம்பிகள் வலி தந்தமையால், மெல்லிய பாஞ்சோக் கம்பிகளைக் கித்தாரில் பூட்டினார். பின்னர்க் கம்பிகளின் சுருதியையும் தாழ்த்தித் தளர்த்தினார். அங்ஙனம் பிறந்த கனத்த நாதமே ‘பிளாக் சபத்’ குழுவின் அடையாளமாயிற்று. வேறு கித்தார் வாங்கியிருப்பினும் அவர் விரல்கள் மீண்டிரா. குறை எந்தக் கண்ணியில் உள்ளதோ அங்கேயே அவர் மருந்திட்டார்.

கலைஞர் கற்பிக்க ஆலை கற்றது

1954-இல் வெளிவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் மூன்று பிக்கப்புகள் இருந்தன. அவற்றுள் ஒன்றைத் தெரிவதற்கு மூன்று நிலைகள் உடைய பொத்தான் அமைந்திருந்தது. கலைஞரோ அப்பொத்தானை இரு நிலைகட்கும் இடையே நிறுத்தினர். இரு பிக்கப்புகள் சேர்ந்தொலிக்கும் இனியதொரு நாதம் கிட்டியது. பல்லாண்டுகள் இவ்வழக்கம் நிலவிய பின்னர், 1977-இல் ஃபெண்டர் நிறுவனமே ஐந்து நிலைப் பொத்தானைப் பொருத்தி விற்கலாயிற்று. மாணவரிடமிருந்து ஆசிரியர் கற்பதுபோல், வாசிப்போரிடமிருந்து ஆலை கற்ற நிகழ்ச்சி இது.

கிப்சன் நிறுவனத்துச் சேத் லவர் 1955-இல் வேறொரு குறையைத் தீர்த்திருந்தார். ஒற்றைச் சுருள் பிக்கப் அறையிலுள்ள மின்சாரத்தின் இரைச்சலையும் ஏற்றுக்கொள்ளும். அவர் இரு சுருள்களை எதிரெதிராக அமைத்து அவ்விரைச்சல் ஒன்றையொன்று அழிக்குமாறு செய்தார். நாதமும் தடித்து முழங்கியது. கலிபோர்னிய இளைஞர் எடி வான் ஹேலனுக்கோ கிப்சனின் அம்முழக்கமும் வேண்டும். ஃபெண்டரின் சுருதி நெம்புகோலும் வேண்டும். இரண்டும் சேர்ந்த கருவி அவர் விரும்பியவாறு கடையிற் கிடைக்கவில்லை. 50 டாலருக்குக் குறையுள்ள உடலொன்றையும் 80 டாலருக்குக் கழுத்தொன்றையும் வாங்கினார். தம் பழைய கிப்சனிலிருந்து பிக்கப்பைக் கழற்றி மெழுகில் தோய்த்துப் பொருத்தினார். ஒலியளவுக் குமிழ் ஒன்று போதுமென்றார். 1978-இல் வெளியான அவர் குழுவின் முதல் இசைத்தட்டு உலகை வியப்பில் ஆழ்த்தியது. 2019-இல் நியூயார்க் மாநகரக் கலைக்கூடமே அக்கித்தாரைக் காட்சிக்கு வைத்தது. இதற்கிடையே 1972-இல் லாரி டிமார்சியோ மாற்றுப் பிக்கப் ஒன்றை விற்பனைக்குக் கொணர்ந்திருந்தார். உறுப்புகளை மட்டும் விற்கும் தொழில் தழைத்தது.

மாற்றத்திற்கும் எல்லை உண்டு

எல்லாவற்றையும் செப்பனிட்டே தீர்க்கலாம் என்பதும் பேதைமையே. ஃபெண்டரின் கம்பி நீளம் இருபத்தைந்தரை அங்குலம். கிப்சனுடையது ஏறத்தாழ இருபத்து நாலே முக்கால். இவ்வேறுபாடு கம்பியின் விறைப்பையும் நாதத்தின் கூர்மையையும் தீர்மானிக்கிறது. அதனைத் திருகாணியால் மாற்ற இயலாது. முறுக்கிய கழுத்தையும் வெடித்த மரத்தையும் திருத்துவதற்கு ஆகும் செலவு கருவியின் விலையையே மிஞ்சக்கூடும். மேலும், மரத்தைத் துளைத்தால் துளைத்ததே. 1958 முதல் 1960 வரை கிப்சன் செய்த லெஸ் பால் கித்தார்கள் அக்காலத்தில் விலைபோகவில்லை, பிற்காலத்தில் பெருஞ்செல்வமாயின. அவற்றின் பழைய உறுப்புகளைக் கழற்றி எறிந்தோர் எறிந்தது செல்வத்தையே.

நம் மரபிசையிலும் இதற்குச் சான்று உண்டு. ஆந்திர மாநிலத்துப் பாலகொல்லுவில் 1969-இல் பிறந்து 2014-இல் மறைந்த மாண்டலின் யு. சீனிவாஸ் கருநாடக இசையை அக்கருவியில் வாசித்தார். வழக்கமான மாண்டலினில் எட்டுக் கம்பிகள் நான்கு இணைகளாக அமைந்திருக்கும். மீட்டிய ஒலி விரைந்து தேய்ந்துவிடும். கமகத்திற்கோ நீண்டு நிற்கும் நாதம் வேண்டும். ஆதலின், அவர் மின்மாண்டலினைக் கைக்கொண்டார். அத்துடன் நில்லாது, இணைக்கம்பிகளை நீக்கி ஒற்றைக் கம்பிகள் ஐந்தை அமைத்துக்கொண்டார். கருவியின் இயல்பே தடையானபோது கருவியை மாற்றினார். மாற்றிய கருவியையும் தம் இசைக்கேற்பத் திருத்தினார்.

வரலாறு வகுத்த வரிசை

இவற்றால் பெறப்படும் முறை தெளிவானது. நாதத்தில் குறை கண்டவர் முதலில் தம் விரலை ஆராய்க. அடுத்து, துருவேறிய கம்பிகளை நீக்கிப் புதியன பூட்டுக. வேறு தடிப்புள்ளவற்றையும் முயல்க. பின்னர், பிக்கப்பின் இருபுறத் திருகாணிகளைத் திருகிக் கம்பிக்கும் காந்தத்திற்கும் உள்ள இடைவெளியைக் கூட்டியும் குறைத்தும் கேட்க. இதற்கு ஒரு காசும் செலவில்லை. ஒலிபெருக்கியின் குமிழ்களையும், இயலுமாயின் வேறோர் ஒலிபெருக்கியையும் சோதிக்க. அதன் பின்னரே மின்தேக்கி, குமிழ், பிக்கப் ஆகிய உறுப்புகளை மாற்றுக. கழற்றியவற்றைப் பத்திரமாகப் பேணுக. இவையனைத்தும் பயனளிக்காதபோது, குறை கம்பி நீளத்திலோ மரத்திலோ உள்ளதென்று ஐயமறத் தெளிந்தபின், வேறு கித்தார் வாங்குவதில் தவறில்லை. அவ்வாறு வாங்குபவர் தாம் எதனை வாங்குகிறோம் என்பதையும் அறிந்திருப்பார்.

மேலே கண்ட கலைஞர்கள் சிக்கனத்திற்காக மட்டும் கருவியைத் திருத்தியவர்கள் அல்லர். தம் செவியில் முன்னரே ஒலித்த ஒரு நாதத்தைத் தேடியே அவர்கள் திருகாணியைக் கையில் எடுத்தனர். வேண்டிய நாதம் எது என்று அறியாதவர்க்குப் பத்துக் கித்தார்கள் இருப்பினும் பதினொன்றாவதன் மீதே கண் செல்லும். ஆகவே, புதிய கருவி கேட்டு வரும் மாணவரிடம், “என்ன விலை?” என்று வினவுவதற்கு முன், “எந்த நாதம் உனக்கு வேண்டும்? இப்போதுள்ளதில் எது குறைகிறது?” என்று நாம் வினவுவோமாக. அவ்வினாவிற்கு விடை சொல்லக் கற்ற பிள்ளை, கித்தாரில் மட்டுமன்றித் தன் கைக்கு வரும் எக்கருவியிலும் கோணல் எது, கூடம் எது என்று பகுத்தறியக் கற்றதாகும்.