பூமணி புனைவுகளில் சிறையும் அரசும்

கோவில்பட்டி, சிவகாசி வட்டாரக் கரிசல் வாழ்வை எழுதிய பூமணியின் நாவல்களில் ஆளும் அதிகாரம் பெரும்பாலும் திரைக்குப் பின்னாலேயே நிற்கிறது. ஆனாலும் அதன் பயம் எல்லாரையும் துரத்துகிறது.

'வெக்கை' (1982) இதற்கு நல்ல உதாரணம். அண்ணனைக் கொன்ற நிலக்காரனைச் சிறுவன் சிதம்பரம் வெட்டிவிடுகிறான்; கையெறி குண்டை வீசித் தப்புகிறான். பிறகு எட்டு நாள் அப்பாவும் மகனும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிகிறார்கள். கஞ்சி காய்ச்சுகிறார்கள், பழங்கதை பேசுகிறார்கள். சிறைக்கூடம் கதைக்குள் வருவதே இல்லை. போலீஸிடம் சிக்கினால் அடி, கோர்ட்டில் சரணடைந்தால் வழக்கு என்ற கணக்கு மட்டும் பேச்சில் வந்துகொண்டே இருக்கிறது. கடைசியில் கோர்ட்டுக்குத்தான் கிளம்புகிறார்கள். லாக்கப் காட்சி ஒன்றுகூட இல்லாமல் காவல்துறை மீதான அச்சத்தை இவ்வளவு கூர்மையாகச் சொன்ன தமிழ் நாவல்கள் குறைவு.

ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் 'அஞ்ஞாடி' (2012) வேறு வகை. 1899 சிவகாசிக் கொள்ளையும் அதற்கு முந்தைய கழுகுமலைக் கலவரமும் அதில் விரிகின்றன. இந்நாவலுக்கு 2014இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

'வெக்கை'யை 2019இல் 'அசுரன்' என்ற படமாக்கிய இயக்குநர் வெற்றிமாறன், அதற்கு முன்பே மு. சந்திரகுமாரின் 'லாக்கப்' நாவலை 'விசாரணை' (2015) என்று படமாக்கியிருந்தார். ஆந்திரத்தின் குண்டூரில் போலீஸ் பிடியில் சித்திரவதைப்பட்டவர் சந்திரகுமார். பூமணி சொல்லாமல் விட்ட அந்த லாக்கப் அறைக்குள் சந்திரகுமார் நேராகவே நுழைகிறார்.