ஐப்பசி மழையில் அறுப்பின் பண்டிகை

"சரித்திரம் படிச்சவர் நீங்க, மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்க சார்" என்று மலர்க் குழுத் தம்பிகள் கேட்டார்கள். ராஜாக்கள் கதை எல்லோருக்கும் தெரியும். நம்ம அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பக்கத்துச் சரித்திரம் ஒன்றை எழுதலாம் என்று தோன்றியது. ஆவடி லோக்கலில் கல்லூரிக்கு வந்த நம் செட் நண்பர்களுக்கு ஒன்று ஞாபகம் இருக்கும். ஐப்பசி பிறந்துவிட்டால் லுத்தரன் வீட்டுப் பையன்கள் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டுக்கு வரமாட்டோம். "என்னடா, உங்க கோயில்ல தினம் தினம் பண்டிகையா?" என்று கேலி செய்வீர்கள். அந்தக் கேலிக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

உண்மையில் அந்த மூன்று மாதமும் எங்களுக்கு நெருக்கடியான காலம்தான். ஈஸ்டர், பெந்தெகொஸ்தே எல்லாம் முடிந்த பிறகு, திரித்துவத் திருநாளுக்குப் பின் முதலாம் ஞாயிறு, இரண்டாம் ஞாயிறு என்று எண்ணிக்கொண்டே போவோம். இருபதைத் தாண்டும்போது மழை வந்துவிடும். அப்போதுதான் வரிசையாக வரும்: அறுப்பின் பண்டிகை, அக்டோபர் 31-இல் சீர்திருத்தத் திருநாள், நவம்பர் 2-இல் கல்லறைத் திருநாள், அப்புறம் அட்வெந்து, வீடு வீடாகப் பாட்டு. ஐரோப்பாவில் இதை இலையுதிர் காலம் என்பார்கள். நமக்கு இலை எங்கே உதிர்கிறது? குடைதான் விரிகிறது.

இதில் அறுப்பின் பண்டிகைதான் விசித்திரம். அக்டோபரில் யார் அறுக்கிறார்கள்? காவிரிப் பக்கம் குறுவை அறுப்பு இருக்கும். நம் செங்கல்பட்டு, திருவள்ளூர் ஏரிப் பாசன ஊர்களில் சொர்ணவாரி அதற்கு முன்பே களத்துக்கு வந்துவிடும். சம்பா பயிர் அப்போது பச்சையாக நின்றுகொண்டிருக்கும். தை பிறந்தால்தான் அறுப்பு. அப்படியானால் தேதி எங்கிருந்து வந்தது? ஜெர்மனியிலிருந்து. அங்கே செப்டம்பர் 29 மிக்கேல் தூதர் திருநாள். கோதுமை, ஆப்பிள், திராட்சை எல்லாம் வீடு சேரும் நேரம். பிரஷ்யாவில் 1773-லேயே அந்தத் திருநாளை அடுத்து வரும் ஞாயிறு நன்றி ஞாயிறு என்று வைத்துவிட்டார்கள். இங்கிலாந்தில் இப்போதுள்ள மாதிரியான அறுப்பு ஆராதனை கொஞ்சம் பிந்தியது. கார்ன்வாலில் மார்வென்ஸ்டோ என்ற கடலோரக் கிராமத்தில் ஹாக்கர் என்ற குருவானவர் 1843-இல் ஆரம்பித்து வைத்தார் என்பார்கள். ஜெர்மன் வழியாக நமக்கு அக்டோபர் வந்தது. பயிர் மட்டும் இன்னும் வரவில்லை!

லுத்தரன் சபைக்குத் தமிழ்நாட்டில் இந்த மழை மாதங்களோடு நெடுநாள் சம்பந்தம் உண்டு. சீகன்பால்க், புளுட்சோ இருவரும் தரங்கம்பாடியில் வந்திறங்கியது 1706 ஜூலை 9. தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தது 1715-இல். பெரிய ஆலயமாகிய புதிய எருசலேமைப் பிரதிஷ்டை செய்தது 1718 அக்டோபர் 11, சரியான ஐப்பசி வாசலில். நாலு மாதம் கழித்து சீகன்பால்க் காலமாகிவிட்டார்.

சென்னைக்கு மிஷன் வந்தது 1726-இல், சூல்ட்சே காலத்தில். அவருக்குப் பின் 1742-இல் வந்த ஃபப்ரிசியஸ் வேப்பேரியில் சுமார் ஐம்பது வருஷம் இருந்தார். தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பு, அகராதி, ஞானப்பாட்டு என்று அவர் செய்த வேலைக்கு அளவில்லை. 1758 டிசம்பரில் லாலியின் பிரெஞ்சுப் படை சென்னையை முற்றுகையிட்டபோது வேப்பேரி சூறையாடப்பட்டது. சபையாரைக் கூட்டிக்கொண்டு பழவேற்காட்டுக்குப் போய்த் தங்கினார் மனுஷர். வேடிக்கை என்னவென்றால், 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது, அங்கிருந்த பிரெஞ்சுக்காரர் அச்சு யந்திரம் வேப்பேரிக்கு வந்து அதே ஃபப்ரிசியஸ் கையில் சேர்ந்தது.

ஆனால் வேப்பேரிக்கும் ஆவடிக்கும் நடுவே ஒரு பெரிய இடைவெளி. நம் பக்கத்து லுத்தரன்கள் பெரும்பாலும் அந்த வேப்பேரிச் சபையின் வாரிசுகள் இல்லை. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856-இல் ரயில் ஓட ஆரம்பித்ததே, அந்தப் பாதை அம்பத்தூர், ஆவடி வழியாகத்தான் போனது. அப்போதும் இவை ஏரிக்கரை ஊர்கள்தான். ஊரை மாற்றியது தொழிற்சாலை. 1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ், 1955-இல் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை, அதே வருஷம் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை, 1960-களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் ராணுவ உடைத் தொழிற்சாலையும், 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. ஃபிட்டரும் டர்னரும் வெல்டரும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள். என் அப்பாவும் அப்படி வந்தவர்தான்.

வந்தவர்கள் எல்லோரும் ஒரே சபை அல்ல, இது முக்கியம். தஞ்சாவூர், பொறையாறு, திருச்சிப் பக்கத்தார் 1919-இல் உருவான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை. ஜெர்மானிய, ஸ்வீடிஷ் மிஷன் வழி. கடலூர், திருக்கோவிலூர்க்காரர்கள் டேனிஷ் மிஷன் வழி வந்த ஆற்காடு லுத்தரன். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் என்றால் அமெரிக்க மிசௌரி மிஷன் வழி. ஊரில் ஒருவர் கோயிலுக்கு ஒருவர் போயிருக்கவே மாட்டார்கள். குவார்ட்டர்ஸில் பக்கத்துப் பக்கத்து வீடு! 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உண்டானபோது லுத்தரன்கள் அதில் சேரவில்லை என்பதால், தெரு முனையில் சி.எஸ்.ஐ. கோயில் இருந்தாலும் இவர்கள் யாராவது ஒருவர் வீட்டு வராந்தாவில் கூடி ஞானப்பாட்டு பாடுவார்கள். ராகம் ஜெர்மன், சொல் தமிழ், சுருதிப்பெட்டி வாடகை.

அந்த வராந்தாச் சபைகளுக்கு அறுப்பின் பண்டிகை எதற்கு? யாருக்கும் காணி நிலம் கிடையாது. ஆனாலும் விடவில்லை. ஊரிலிருந்து வந்த வழக்கம், விட்டால் ஊரே விட்டுப்போன மாதிரி. முதல் பத்து வருஷம் பெரியவர்கள் பண்டிகைக்கு முந்தின வாரம் ஊருக்குப் போய் ஒரு மரக்கால் நெல்லாவது கொண்டுவருவார்கள். பிறகு அதுவும் நின்றது. கொல்லையில் காய்த்த பூசணி, குவார்ட்டர்ஸ் முருங்கைக்காய், வாழைத்தார், சேவல், முட்டை, அம்மா சுட்ட முறுக்கு எல்லாம் பலிபீடத்தின் முன் வந்தன. உடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒருவர் வீட்டில் தைத்த தலையணை உறை கொண்டுவருவார். ஒரு சைக்கிள் கம்பெனிக்காரர் தன் காசில் வாங்கிய சைக்கிள் பெல் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். அதைப் பார்த்துச் சிரித்தவர்களிடம் ஐயர் சொன்னாராம், "அவன் வயல் அதுதானப்பா" என்று. (எங்களில் 'ஐயர்' என்றால் போதகர், புதிய மாணவர்கள் குழம்ப வேண்டாம்.)

ஆராதனை முடிந்ததும் ஏலம். குரல் வளம் உள்ள ஒருத்தர் நாற்காலி மேல் ஏறி நிற்பார். "ஒரு தரம்... ரெண்டு தரம்..." ஒரு எலுமிச்சம்பழம் ஆரம்பத்தில் காலணாவுக்கும் பெறாது. ஒருத்தர் ஏலம் எடுப்பார், எடுத்ததைத் திரும்பக் கோயிலுக்கே கொடுப்பார், மறு ஏலம். இப்படியே நாலைந்து கை மாறினால் அந்தப் பழத்தின் விலையில் ஒரு மாதம் வாடகை தேறிவிடும். முதல் வெள்ளரிக்காயை மாமனாரும் மருமகனும் போட்டி போட்டு ஏற்றியதை நான் பார்த்திருக்கிறேன். ரெண்டு பேர் வீட்டிலும் அடுத்த மாதம் சினிமா கிடையாது.

இதைத் தப்பு என்று சொல்பவர்கள் உண்டு. தேவாலயத்தில் காசுக்காரர் மேசைகளை இயேசு கவிழ்த்தாரே, நீங்கள் கோயிலிலேயே சந்தை போடுகிறீர்களே என்பார்கள். கேள்வி நியாயம்தான். பணம் உள்ளவன் பெயர் ஒலிக்கும், இல்லாதவன் சுவரோரம் நிற்பான் என்பதும் நிஜம். ஆனாலும் என் அபிப்பிராயம் வேறே. வெளிநாட்டு மிஷன் பணம் குறைந்த காலத்தில், மாதச் சம்பளக்காரர்கள் சேர்ந்து மனை வாங்கி, கூரை போட்டு, உபதேசியாருக்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்றால் அதில் பூசணிக்காய்க்கும் சேவலுக்கும் பெரிய பங்கு உண்டு. சந்தா என்று கேட்டால் முகம் சுளிக்கிறவன், ஏலம் என்றால் சிரித்துக்கொண்டே கொடுக்கிறான்.

இன்னொரு பங்கு சத்தமில்லாதது. பிடியரிசி. உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவது. மாதர் சங்கத்தார் மாதா மாதம் சேர்த்து விற்று ஊழியத்துக்குக் கொடுப்பார்கள். காஞ்சிப் பெரியவரும் பிடியரிசித் திட்டம் சொன்னார் என்பது பலருக்குத் தெரியும். மிசோரமில் பிரஸ்பிடேரியன் சபைப் பெண்கள் 1910-இல் தொடங்கிய பிடியரிசி இன்றைக்கும் அந்தச் சபையின் ஊழியத்துக்குப் பெரிய ஆதாரம். எங்கள் பக்கம் அரிசி ரேஷன் அரிசியாக இருந்த நாட்களிலும் பிடி குறையவில்லை. கேஸ் அடுப்பும் குக்கரும் வந்த பிறகு பானை போய் உண்டியல் டப்பா வந்தது. டப்பாவில் சில்லறை போடுவதும் நல்லதுதான். ஆனால் தினம் ரெண்டு வேளை கை போகிற பழக்கம் அதில் இல்லை.

சீர்திருத்தத் திருநாள் பிள்ளைகளுக்கானது. 1517 அக்டோபர் 31-இல் விட்டன்பர்க்கில் லுத்தர் வெளியிட்ட தொண்ணூற்றைந்து கூற்றுகள், அப்புறம் 1529-இல் அவர் எழுதிய சிறிய ஞானோபதேசம். அதை மனப்பாடம் செய்யாமல் திடப்படுத்தல் கிடையாது. வினாவிடைப் போட்டி, நாடகம், அட்டையில் செய்த தேவாலயக் கதவு, நிஜச் சுத்தியல். 1984-இல் அந்த நாள் புதன்கிழமை. மாலை ஆராதனைக்குக் கிளம்பும்போது இந்திரா காந்தி சுடப்பட்டு இறந்த செய்தி. கடைகள் மூடின, பஸ் இல்லை. நடந்து வந்த பத்துப் பன்னிரண்டு பேரோடு, நாடகம் இல்லாமல், தேசத்துக்காக ஜெபித்துவிட்டுக் கலைந்தோம்.

அந்தத் தேதி ஒரு காலத்தில் கத்தோலிக்க நண்பர்களுக்குச் சங்கடமாக இருந்தது. 1999 அக்டோபர் 31-இல் ஆக்ஸ்பர்க்கில் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கையில் ரெண்டு சபையும் கையெழுத்துப் போட்டன. 2016-இல் ஸ்வீடனில் லுண்டு நகரத்தில் போப் பிரான்சிஸே சீர்திருத்த நினைவு ஆராதனையில் கலந்துகொண்டார். 2024-இல் தீபாவளியும் அக்டோபர் 31. எங்கள் தெருவில் அன்றைக்கு வெடிச் சத்தத்துக்கு நடுவேதான் லுத்தர் பாட்டு. பக்கத்து வீட்டு அதிரசம் கோயில் வரை வந்தது.

கல்லறைத் திருநாள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சென்னையில் சபை வித்தியாசம் பார்க்காமல் அன்றைக்கு எல்லாரும் சாமந்தி மாலையோடு கல்லறைக்குப் போகிறோம். மழையில் மெழுகுவர்த்தி அணைந்து அணைந்து எரியும்.

2015 வேறு கதை. அந்த நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் மட்டும் 1,049 மில்லிமீட்டர் மழை. நவம்பர் 29 அட்வெந்து முதல் ஞாயிறு. அதற்கு ரெண்டு நாள் கழித்து, டிசம்பர் 1 இரவு, பூவிருந்தவல்லிக்கு அப்பால் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். அடையாறு கரை தாண்டியது. கோயில், பள்ளிவாசல், கல்யாண மண்டபம் எல்லாம் ஒரே மாதிரி தங்குமிடமாயின. எங்கள் சபைக்கூடத்தில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுக் குழந்தைகளைப் படுக்க வைத்தார்கள். அறுப்பின் பண்டிகை அரிசி மூட்டை ஒன்று ஏலத்தில் எடுத்தவர் தூக்கிப் போகாமல் மூலையில் கிடந்தது. பொங்கிப் போட்டாயிற்று. அந்த வருஷம் பாட்டு ரவுண்டு போகவில்லை. அதே குழு வீடு வீடாகச் சேறு அள்ளப் போனது.

அந்த வெள்ளத்தில் போனது இன்னொன்றும் உண்டு. கோயில் அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த ஏல நோட்டுகள். யார் என்ன கொண்டுவந்தார், யார் எவ்வளவுக்கு எடுத்தார் என்று வருஷவாரியாக எழுதினது. ஒரு நோட்டில் நெல், கேழ்வரகு என்று இருந்த வரிசை அடுத்த நோட்டில் பிளாஸ்டிக் குடம், எவர்சில்வர் டிபன் பாக்ஸ் என்று மாறும். ஒரு தொழிற்சாலை கதவடைத்த வருஷம் தொகை படுத்துவிடும், பெயர்களும் மாறும். ஊர் எப்படி நகரம் ஆனது என்று அரசாங்கப் புள்ளிவிவரம் சொல்லாததை அந்தக் கோணல் கையெழுத்து சொல்லும். 2011-இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது, 2019-இல் ஆவடியே மாநகராட்சி ஆனது; இதெல்லாம் கெஜட்டில் இருக்கும். சைக்கிள் பெல் இருக்காது.

தரங்கம்பாடியிலிருந்து போன கடிதங்களும் தமிழ் ஓலைச்சுவடிகளும் முந்நூறு வருஷமாக ஜெர்மனியில் ஹாலே நகரத்து ஃபிராங்கே நிறுவனத்தில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றைப் பார்க்க நம் ஆய்வாளர்கள் விமானம் ஏறிப் போகிறார்கள். ஆவடிக்கு லோக்கல் போதும். எங்கள் கோயிலில் மேல்தட்டில் இருந்த மூன்று நோட்டுகள் தப்பின, ஓரம் மட்டும் கறை. மற்ற சபைகளிலும் இப்படி இருக்கும்; லுத்தரன் என்றில்லை, அம்மன் கோயில் கூழ் வார்க்கும் கணக்கும் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சிக் கணக்கும் இதே ரகம்தான். இப்போது கல்லூரியில் சரித்திரம் படிக்கிற தம்பி தங்கைகள் யாராவது புரொஜெக்டுக்குத் தலைப்பு தேடினால் சங்க அலுவலகத்தில் என் பெயரைச் சொல்லுங்கள். செல்போனில் படம் எடுக்கவே ரெண்டு ஞாயிறு ஆகும். வருவதானால் ஆடி ஆவணிக்குள் வந்துவிடுங்கள்; ஐப்பசி பிறந்தால் அலமாரிச் சாவி வைத்திருப்பவர் நாற்காலி மேல் ஏறிவிடுவார்.