மகாவலிக் கரையும் ஆராய்ச்சிக் கட்டுரையும்

ஓரிடத்திலே தான் கண்டறிந்த உண்மையை, அவ்விடத்தை ஒருநாளும் கண்டிராத அறிஞரும் சோதித்துப் பார்க்குமாறு எழுதி, அவர்தம் சபையின் முன் வைத்து, அவர்கள் கூறும் தீர்ப்புக்குத் தலைவணங்கும் வழக்கம், கண்டியைச் சூழ்ந்த மகாவலிப் பள்ளத்தாக்கிலே நெடுங்காலமாக வேரூன்றி வந்திருக்கிறது.

1869இல், கோப்பி இலைகளிலே செம்மஞ்சள் தூளாகப் படர்ந்த நோயைப் பேராதனைப் பூங்காவின் அதிபர் துவெயிற்ஸ் கவனித்து, நோயுற்ற இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, அங்கே பெர்க்லி என்னும் அறிஞர் அதற்குக் காரணமான பூஞ்சணத்தை ஆராய்ந்து நாமம் சூட்டினார். 1880இல் அந்நோயை ஆராய வந்த மார்ஷல் வார்ட் என்னும் இளைஞர், கிளிசரின் பூசிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் வைத்து, காற்றில் மிதந்துவரும் வித்திகளைப் பிடித்து, நோய் பரவும் மார்க்கத்தை ஐயந்திரிபற நிலைநாட்டினார். தோட்டத் துரைமார் எதிர்பார்த்ததோ மருந்து. அது தம்மிடம் இல்லையென்பதை மறையாது, காற்றைத் தடுக்கும் மரங்களின்றி ஒரே பயிரை மலைமலையாக நட்டதன் அபாயத்தை அவர் எடுத்துரைத்தார். கோப்பி அழிந்து தேயிலை அவ்விடத்தைப் பற்றிக்கொண்டது. ஆயினும், 1882இல் லின்னேயன் சங்கத்தின் சஞ்சிகையிலே பிரசுரமான அவருடைய கட்டுரை தாவர நோயியலுக்கு அஸ்திவாரங்களுள் ஒன்றாயிற்று.

அந்நியர் கையிலிருந்த இவ்வித்தை, 1944இல் இலங்கை விஞ்ஞான சங்கம் தோன்றியபின், நம்மவருக்கும் வருடாந்த நியமமாயிற்று. பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் 1964இல் கொழும்பிலிருந்து பேராதனைக்குப் பெயர்ந்தது. பின்னாளில் அதன் பீடாதிபதியாகவும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் விளங்கிய அழகையா துரைராசா, கேம்பிரிட்ஜில் ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் என்போருடன் கூடிக் களிமண்ணின் இயல்பை ஆராய்ந்தவர். 1963இல் ஒட்டாவாவிலே மண்ணின் வெட்டுவலிமைச் சோதனைகள் குறித்துக் கூடிய கருத்தரங்கிற்கு அம்மூவரும் அளித்த கட்டுரை, சோதனைசாலையில் எடுத்த அளவீடுகளைக் கொண்டே கொள்கைகளை நிறுத்துப் பார்த்தது.

2006இல், கைத்தொழில் மற்றும் தகவல் முறைமைகள் பற்றிய சர்வதேச மாநாட்டைப் பேராதனை தானே தொடங்கியபோது, கட்டுரை அனுப்பி வந்த ஊர் கட்டுரைகளை ஏற்று மதிப்பிடும் ஊராயிற்று. இத்தகைய மாநாட்டிற்கு எழுதுபவர், இரண்டு பத்திகள் கொண்ட அமைப்பிலே சில பக்கங்களுக்குள் பொருளை அடக்கி, குறித்த திகதிக்குள் சமர்ப்பித்து, மதிப்பீட்டாளர் காட்டிய குறைகளைச் சிரத்தையோடு திருத்தி, இறுதிப் பிரதியை அனுப்பிய பின்னரே மேடையேறுகிறார்.

கண்டிக்குக் கிழக்கே, ஆற்றுக்கு அப்பாலுள்ள பல்லேகலையில் 2000ஆம் ஆண்டு முதல் இயங்கும் நில அதிர்வு நிலையம், 2004 டிசெம்பர் 26ஆந் திகதி சுமாத்திராவில் நிகழ்ந்த பேரதிர்வைப் பதிவு செய்தது. அதன் பதிவுகள் யாவர்க்கும் திறந்திருப்பதால், பல்லேகலையை அறியாத தேசத்தாரும் அவற்றை ஆதாரமாகக் கொண்டு எழுதுகின்றனர். கண்ணாடித் தகட்டிலே வித்திகளை எண்ணியவருக்கும் இக்கருவியின் கோடுகளைப் படிப்பவருக்கும் தர்மம் ஒன்றே. ஆகவே, முதற் கட்டுரையை எழுத அமரும் இளம் பொறியியலாளர், முடிவை அலங்கரிப்பதில் செலவிடும் உழைப்பை, அம்முடிவை எய்திய முறையை விளக்குவதிலே செலவிடுவாராக. பிறர் அதே வழியில் நடந்து மெய்யோ பொய்யோ என்று காண இயலுமாயின், அக்கட்டுரை தன் கடமையைச் செய்ததாகும்.