கரியைப் புதைக்க நம்ம ஊரு பாறை தாங்குமா?

வேளிமலை, மருத்துவாமலை, கடலுக்குள்ள விவேகானந்தர் பாறை.. நாஞ்சில் நாட்டுக்காரனுக்குப் பாறைக்குப் பஞ்சமே கிடையாது மக்கா. கரியமில வாயுவைப் பூமிக்குள்ள நிரந்தரமா அடைக்கிறதைப் பத்திப் படிச்சப்போ, 'இங்கேயே புதைச்சுரலாமே'ன்னுதான் எனக்கும் முதல்ல தோணுச்சு.

நடக்காது. நம்மளது சார்னோக்கைட், கோண்டலைட் வகை. ஐம்பது கோடி வருசத்துக்கும் மேல பழசு, துளையே இல்லாத கெட்டிப் பாறை. வாயுவுக்கு வேண்டியது ஸ்பாஞ்சு மாதிரி மணற்பாறை, அதுக்கு மேல கசியாத களிப்பாறை மூடி. ஆழமும் 800 மீட்டராவது வேணும். அங்க உள்ள அழுத்தத்துலதான் வாயு திரவம் மாதிரி அடர்ந்து, கொஞ்ச இடத்துல அடங்கும்.

இதைப் பெரிய அளவுல முதல்ல செஞ்சது நார்வே. 1991-ல அங்க கார்பன் வரி வந்தது. இயற்கை எரிவாயுவோட சேர்ந்து வந்த கரியமில வாயுவைப் பிரிச்சு, 1996-ல இருந்து ஸ்லைப்னர் வயல்ல கடலடி மணற்பாறைக்குள்ள வருசத்துக்குப் பத்து லட்சம் டன் அளவுக்கு இறக்கினாங்க. (வரி போட்டாத்தான் புத்தி வரும்போல!) அல்ஜீரியாவுல இன் சாலா திட்டம் 2004-ல தொடங்கிச்சு. தரை வருசத்துக்குச் சில மில்லிமீட்டர் உயர்றது செயற்கைக்கோள்ல தெரிஞ்சது. மூடிப் பாறை மேல சந்தேகம் வந்து 2011-ல நிறுத்திட்டாங்க. ஐஸ்லாந்துக்காரன் கெட்டிக்காரன். 2012-ல வாயுவைத் தண்ணியில கரைச்சு எரிமலைப் பாறைக்குள்ள விட்டான். ரெண்டே வருசத்துல 95 சதவீதம் கல்லாயிருச்சு! நம்ம நாட்டுல அந்த ஜாதிப் பாறை தக்காணத்துல, மகாராஷ்டிரா பக்கம் ஏராளமா கிடக்கு.

பக்கத்துல தூத்துக்குடியில 2016-ல ஒரு ஆலை கரியமில வாயுவைப் பிடிச்சு சோடா உப்பு தயாரிக்க ஆரம்பிச்சது. நல்ல காரியம்தான், ஆனா அது புதைக்கிறது இல்ல.

தமிழ்நாட்டுல மணற்பாறையும் களிமூடியும் சேர்ந்து கிடைக்கிற இடம் காவிரிப் படுகை. அதாவது நெல்வயலுக்கு அடியில. சிக்கலே அங்கதான். ஓஎன்ஜிசி போட்ட நூற்றுக்கணக்கான கிணறுகள் அந்த மூடியைத் துளைச்சிருக்கு. பழைய கிணத்தைச் சரியா அடைக்கலைன்னா, வாயு மேல வர்றதுக்கு அதுவே வழி. பாறையைச் சோதிக்கிறதுக்கு முன்னால ஒவ்வொரு கிணத்தையும் சோதிக்கணும்னுதான் நான் சொல்வேன்.

அப்புறம் சனம். நெதர்லாந்துல பாரென்ட்ரெஹ்ட் ஊர்க்காரங்க எதிர்த்ததால 2010-ல திட்டத்தையே கைவிட்டாங்க. இங்க 2017-ல நெடுவாசல், 2020-ல டெல்டாவைப் பாதுகாக்கத் தனிச் சட்டம். எண்ணெயும் வாயுவும் எடுக்கவே விடமாட்டோம்னு நின்ன ஊர்ல போய், 'எடுக்கலைங்க, வைக்கத்தான் வந்தோம்'னு சொன்னா எவன் நம்புவான், சொல்லுங்க :-)