வேலை விட்ட நாட்களின் கணக்கு

ஒரு வேலையை விட்ட தொழிலாளி அடுத்ததில் சேரும் முன் சில வாரங்கள் ஊரில் தங்குவது இந்திய ஆலைத் தொழிலின் தொடக்கத்திலிருந்தே இருந்து வரும் வழக்கம். ஆட்கள் கிராமங்களிலிருந்தே வந்ததால், நடவும் அறுவடையும் அவர்களைத் திரும்ப அழைத்தன. விட்லி ஆணையம் என அறியப்படும் தொழிலாளர் குறித்த அரச ஆணையம், 1931இல் அளித்த அறிக்கையில் இதைக் குற்றமாகக் காணாமல், கிராமத் தொடர்பு காக்கப்பட வேண்டியது என்றும் ஊர் சென்று வருவதை முறைப்படுத்த வேண்டும் என்றும் கருதியது.

ஆரணியாறும் ஏரிகளும் நெல் விளைவித்த திருவள்ளூர் வட்டாரத்தில் கனரகப் பொறியியல் தொழிற்சாலைகளும், கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழில் வளாகத்தில் இரும்பு உருக்காலைகளும் வார்ப்பாலைகளும் எழுந்தபோது, இந்த இடைவெளியின் தன்மையைச் சட்டம் மாற்றியிருந்தது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம், பின்னர் சேர்க்கப்பட்ட பிரிவுகளின்படி, 12 மாதங்களில் 240 நாள் உழைத்தவரைத் தொடர்பணியாளராகக் கொண்டது. தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டமோ 24 மாதங்களில் 480 நாள் உழைத்தவரை நிரந்தரமாக்கச் சொன்னது. தொழிலாளிக்கு அரணாக வைக்கப்பட்ட இந்த நாள் வரம்புகளே, அவற்றை எட்டுமுன் பெயரை நீக்கி, சிறிது காலம் வெளியே நிறுத்தி, புதிய ஆளாகவோ வேறு ஒப்பந்தக்காரரின் பெயரிலோ மீண்டும் சேர்க்கும் உத்தியையும் தூண்டின. தொழிலாளர் பேச்சுவழக்கில் அதற்கு 'பிரேக்' என்றே பெயர். நிரந்தர உரிமையை மறுக்கும் நோக்கில் ஒருவரை ஆண்டுக்கணக்கில் தற்காலிகமாகவே வைத்திருப்பதை தொழில் தகராறுகள் சட்டத்தில் 1984இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் நேர்மையற்ற தொழில் நடைமுறை என்று பெயரிட்டது. ஆனால் அதே ஆண்டின் மற்றொரு திருத்தம், காலவரம்பிட்ட ஒப்பந்தம் முடிந்து வேலை போவது ஆட்குறைப்பு ஆகாது என்றது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறித்த செயல் இது.

தானே விரும்பி விலகியவரின் இடைவெளிக்குப் பெரும்பாலும் செலவழிந்தது வருங்கால வைப்பு நிதி, அதாவது தொழிலாளியும் முதலாளியும் மாதந்தோறும் செலுத்தும் 'பிஎஃப்' பணம். 1952ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி, வேலையை விட்டவர் முழுத் தொகையையும் பெற இரண்டு மாதம் வேலையின்றி இருந்தாக வேண்டும் என்ற விதி நெடுங்காலம் நிலவியது. திருமணத்திற்காக விலகிய பெண்ணுக்கு அந்தக் காத்திருப்பு இருக்கவில்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் கும்மிடிப்பூண்டிக்கு வரும் ஒப்பந்தத் தொழிலாளருக்கு நீண்ட விடுப்பு கிடைப்பது அரிது என்பதால், ஊருக்குப் போவதே பல நேரங்களில் வேலையை விடுவதாகிறது.

இப்படி வேலையை விட்டுப் பணம் எடுப்பதில் கவனிக்கப்படாத இழப்பு ஓய்வூதியமே. 1995ஆம் ஆண்டின் ஓய்வூதியத் திட்டம் 10 ஆண்டுப் பணியைக் கோருகிறது. ஒவ்வோர் இடைவெளியிலும் ஓய்வூதியப் பங்கைப் பணமாக எடுப்பவரின் பணிக்காலம் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. பணத்துக்குப் பதிலாகத் திட்டச் சான்றிதழ் பெற்றால் பழைய ஆண்டுகள் அடுத்த வேலையோடு சேரும். இரண்டுக்கும் விண்ணப்பம் ஒன்றே, படிவம் 10சி.