டோக்கன் (கணினி விளையாட்டு மாடிங்)

டோக்கன் என்பது ரோல்-பிளேயிங் கணினி விளையாட்டுகளில் ஒரு பாத்திரத்தின் உடைமைகளோடு ஆட்டக்காரர் கண்ணில் படாமல் சேர்த்துவிடும் போலிப் பொருள். எடை கிடையாது, விலை கிடையாது. அதில் ஒட்டியிருக்கும் ஸ்கிரிப்டை ஓடவைப்பதற்காகவே அது இருக்கிறது. பெதஸ்டாவின் ஆப்லிவியன் (2006), ஃபால்அவுட் 3 (2008), அப்சிடியன் நிறுவனம் உருவாக்கிய ஃபால்அவுட்: நியூ வேகஸ் (2010) ஆகியவற்றுக்கு மாட் (விளையாட்டை மாற்றியமைக்கும் கூடுதல் கோப்பு) எழுதியவர்களிடையே இந்த உத்தி வெகுவாகப் பரவியது.

இந்த விளையாட்டுகளில் ஒரு பாத்திரத்தோடு ஒரே ஒரு ஸ்கிரிப்டைத்தான் இணைக்கலாம். ஏற்கெனவே ஸ்கிரிப்ட் உள்ள ஒரு கடைக்காரருக்குப் புதிய குணம் கொடுக்க வேண்டுமானால், மூல ஸ்கிரிப்டிலேயே கைவைக்க வேண்டும். அதே கடைக்காரரை இன்னொரு மாட்டும் மாற்றியிருந்தால், கடைசியாக ஏறும் மாட் மற்றதை அழித்துவிடும். பாத்திரத்தோடு அல்லாமல் ஒரு குவெஸ்டோடு (விளையாட்டின் பணியோடு) இணைந்த குவெஸ்ட் ஸ்கிரிப்ட் வழியாகவும் செய்யலாம்தான். ஆனால் அது வழக்கமாக 5 விநாடிக்கு ஒருமுறைதான் ஓடும். அதன் மாறிகளும் எல்லோருக்கும் பொது. உதாரணமாக, இருபது காவலர்களுக்கு ஒரே நேரத்தில் விஷம் ஏறினால் இருபது தனித்தனிக் கணக்குகள் வேண்டும். ஆளுக்கொரு டோக்கன் கொடுத்தால் ஒவ்வொன்றும் தன் கணக்கைத் தானே வைத்துக்கொள்ளும். மூலப் பாத்திரத்தை யாரும் தொட வேண்டியதில்லை. இந்த உத்தியின் உண்மையான பெருமை இதுதான்.

டோக்கனைச் செய்வது எளிது. ஆப்லிவியனுக்குக் கன்ஸ்ட்ரக்‌ஷன் செட், ஃபால்அவுட்டுக்கு கெக் என்ற கருவியில் கவசம் ஒன்றை உருவாக்கி, ‘பிளேயபிள்’ கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிட வேண்டும். அதன்பின் அது உடைமைப் பட்டியலில் தெரியாது. பிணத்தைத் துழாவினாலும் அகப்படாது. ஸ்கிரிப்டில் ‘கேம்மோட்’ என்ற பகுதி ஒவ்வொரு ஃபிரேமிலும் ஓடும். ‘கெட்கன்டெய்னர்’ கட்டளை, தன்னை வைத்திருப்பவர் யார் என்று டோக்கனுக்குச் சொல்லும். பத்து விநாடி விஷம் என்றால், கழிந்த நேரத்தைக் கூட்டிக்கொண்டே வந்து அந்த ஆளின் உயிரைக் குறைக்கலாம். பத்தைத் தாண்டியதும் ‘ரிமூவ்மீ’ என்ற கட்டளையால் டோக்கன் தன்னைத் தானே நீக்கிக்கொள்ளும்.

இங்கேதான் புதியவர்கள் இடறுவார்கள். ‘ரிமூவ்மீ’க்குக் கீழே எழுதிய வரிகள் ஓடாது, ஆகவே முடிவு வேலைகளையெல்லாம் அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். மெனு திறந்திருக்கும்போது ‘கேம்மோட்’ நின்றுவிடும். விஷமேறியவன் ஆட்டக்காரரை விட்டு வெகுதூரம் போய், அவன் இருக்கும் இடம் நினைவகத்திலிருந்து நீங்கிவிட்டால் டோக்கனும் உறங்கிவிடும். ஒருவருக்கே இரண்டாவது டோக்கன் போய்ச் சேராமலிருக்க, கொடுக்குமுன் ‘கெட்ஐட்டம்கவுன்ட்’ மூலம் எண்ணிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

இந்த வகைத் தந்திரத்துக்கு முன்னோடிகள் உண்டு. பயோவேரின் பால்டர்ஸ் கேட் 2 (2000) விளையாட்டில் ‘மின்எச்பி1’ என்ற பொருள், வைத்திருப்பவரின் உயிர்ப்புள்ளி ஒன்றுக்குக் கீழே போகாமல் காத்தது. கதைக்குத் தேவையான ஒருவர் வசனம் பேசுமுன் செத்துவிடாதிருக்க இது உதவியது. நெவர்விண்டர் நைட்ஸில் (2002) ‘கிரியேச்சர் ஹைட்’ என்ற மறைவான தோலை அணிவித்து, பாத்திரங்களுக்குப் பிறவிக் குணங்களைச் சேர்த்தார்கள். தயாரிப்பாளர்களே இந்தச் சூட்சுமத்துக்கு விலக்கல்லர். ஃபால்அவுட் 3-இன் ‘புரோக்கன் ஸ்டீல்’ (2009) விரிவாக்கத்தில் வரும் மெட்ரோ ரயில், உண்மையில் பாத்திரத்துக்கு அணிவித்த ஒரு கவசம். ஓடும் வண்டியைத் தனியே உருவாக்குவதைவிட அது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது!

பெதஸ்டாவின் ஸ்கைரிமில் (2011) வந்த பாபிரஸ் ஸ்கிரிப்ட் மொழி நிலைமையை மாற்றியது. ஒரே பொருளில் பல ஸ்கிரிப்டுகளை இணைக்கலாம். ஃபிரேம்தோறும் ஓடும் ‘கேம்மோட்’ அதில் இல்லை, நிகழ்வு நடந்தால்தான் ஸ்கிரிப்ட் விழிக்கும். மாய விளைவுகளும் குவெஸ்ட் ஏலியாஸ்களும் (ஒரு குவெஸ்ட் தன் பாத்திரங்களைச் சுட்ட வைத்திருக்கும் பெயர்கள்) டோக்கனின் பெரும்பாலான வேலைகளை எடுத்துக்கொண்டன. ஸ்கைரிமிலும் ஸ்கிரிப்ட் டோக்கன் எழுதுபவர்கள் பழைய பழக்கத்தால்தான் எழுதுகிறார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. ஸ்கிரிப்ட் இல்லாத வெறும் டோக்கனுக்கு மட்டும் அங்கே இன்னும் மதிப்புண்டு: ஒருவரிடம் அது இருக்கிறதா என்பதை உரையாடல் நிபந்தனைகளில் நேரடியாகச் சோதிக்கலாம்.