மரப்பிசினில் தொடங்கிய மலப் பரிசோதனை

கரீபியன் தீவுகளில் வளரும் குவாயாகம் மரத்தின் கட்டை தண்ணீரில் மூழ்கிவிடும், அவ்வளவு கனம். 16ஆம் நூற்றாண்டில் அதை ஐரோப்பாவுக்குக் கப்பலேற்றியவர்கள் பறங்கிப்புண்ணுக்கு மருந்து என்று சொல்லி விற்றார்கள். நோய் தீர்ந்ததோ இல்லையோ, வியாபாரம் நடந்தது. அந்த மரத்தின் பிசினுக்கு வேறொரு குணமும் இருந்தது. ரத்தம் பட்ட இடத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சேர்த்தால் பிசின் நீலமாக மாறும். நெதர்லாந்தின் வான் டீன் 1860களில் இந்தப் பிசினைக் கொண்டு ரத்தத்தைக் கண்டுபிடிக்கும் முறையை விவரித்தார்.

மலத்தில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும் ரத்தம் குடல் நோயின் அடையாளமாகலாம் என்பதை 1901இல் நிறுவியவர் பெர்லின் மருத்துவர் இஸ்மார் போவாஸ். யூதரான அவர் கடைசிக் காலத்தில் வியன்னாவில் அடைக்கலம் புகுந்தார். 1938 மார்ச்சில் ஹிட்லரின் படை அங்கும் நுழைந்த சில நாட்களிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார்.

அதன் பிறகும் வெகுகாலம் இந்தப் பரிசோதனை ஆய்வகத்துக்குள்ளேயே கிடந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் ஒஹையோ மாநில மருத்துவர் டேவிட் கிரீகர். குவாயாகம் தோய்த்த தாள் பதித்த சிறு அட்டைகளை, எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களிடம் கொடுத்தார். மூன்று நாள் இறைச்சி தவிர்க்க வேண்டும், குச்சியால் மலத்தைத் தொட்டு அட்டையில் தடவ வேண்டும், திருப்பித் தர வேண்டும், வேலை அவ்வளவுதான். இறைச்சிக்குத் தடை ஏன்? ஆட்டு ரத்தமா மனித ரத்தமா என்று பிசினுக்குத் தெரியாது. 1967இல் தன் அனுபவத்தை அவர் வெளியிட்டார். வேதியியலில் புதிதாக எதுவும் இல்லை. ஆனாலும் இந்த வரலாற்றின் பெரிய திருப்பம் அந்த அட்டைதான்.

இந்த அட்டையால் பெருங்குடல் புற்றுநோயிலிருந்து உயிர் பிழைப்பார்களா என்ற கேள்விக்குப் பதில் கிடைக்க இன்னும் கால் நூற்றாண்டு ஆனது. மினசோட்டாவில் 1975இல் தொடங்கிய ஆய்வில் 46,551 பேர் சேர்ந்தனர். 1993இல் முடிவு வந்தது. 13 ஆண்டுகளில் பெருங்குடல் புற்றுநோயால் இறந்தவர்கள், பரிசோதனைக்கு அழைக்கப்படாதவர்களில் ஆயிரத்துக்கு 8.83, ஆண்டுதோறும் பரிசோதித்த பிரிவில் 5.88. சர்ச்சையும் உடனே கிளம்பியது. அட்டையை நீரில் நனைத்துச் சோதித்ததால் பலருக்கு ‘பாசிட்டிவ்’ வந்தது, அவர்களெல்லாம் கொலனாஸ்கோபிக்கு, அதாவது குழாய்க் கேமராவால் பெருங்குடலைப் பார்க்கும் சோதனைக்குப் போனார்கள், அதில் தற்செயலாகச் சிக்கிய புற்றுநோய்களும் கணக்கில் ஏறிவிட்டன என்றார்கள். நியாயமான வாதம். ஆனால் நனைக்காத அட்டையைப் பயன்படுத்திய இங்கிலாந்து, டென்மார்க் ஆய்வுகளும் 1996இல் இறப்பு குறைவதைக் காட்டின. முறையே 15, 18 சதவீதம்.

ஜப்பான் பிசினையே விட்டுவிட்டது. மனித ஹீமோகுளோபினை மட்டும் பிடிக்கும் எதிர்ப்பொருள் சோதனையை, 1992இல் 40 வயதை எட்டியவர்களுக்கான தேசியத் திட்டமாக்கியது. உணவுத் தடை போயிற்று. இங்கிலாந்து 2006இல் பிசின் அட்டையோடுதான் தொடங்கியது, 2019இல் மாறிக்கொண்டது. பல தடவல்கள் கேட்ட இடத்தில் இப்போது ஒரே ஒரு மாதிரி போதும்.

2014இல் அமெரிக்கா அனுமதித்த டிஎன்ஏ மலச் சோதனை, அதற்கான ஆய்வில் 92 சதவீதப் புற்றுநோய்களைக் கண்டுபிடித்தது. எதிர்ப்பொருள் சோதனை 74. ஆனால் வீண் பயம் காட்டுவதிலும் டிஎன்ஏ சோதனைக்கே முதலிடம்.

எந்தச் சோதனையானாலும் ‘பாசிட்டிவ்’ என்றால் அடுத்து கொலனாஸ்கோபி செய்தாக வேண்டும். இவையெல்லாம் அறிகுறி இல்லாதவர்களுக்கானவை. மலத்தில் ரத்தத்தைக் கண்ணாலேயே பார்ப்பவர்கள், மூலம்தானே என்று தள்ளிப்போடாமல் நேரே மருத்துவரிடம் போவதே சரி.